ஊமை ஹாரன்

சென்னையில் ஹாரன் என்பது ஒரு மொழி. அதற்கு இலக்கணம் உண்டு. ஒரே ஒரு குட்டி 'பீப்' என்றால், 'அண்ணே, பக்கத்துல வர்றேன், கதவைத் திறந்துடாதீங்க' என்று அர்த்தம். இரண்டு பீப், 'பச்சை விழுந்தாச்சு, செல்போனைக் கீழே வைங்க.' நீளமாக ஒன்று, 'யோவ்!' மூன்று விநாடியைத் தாண்டினால் அச்சில் ஏற்ற முடியாது. ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டு வாசலில் அடிக்கும் ஹாரனுக்கு 'கேட்டைத் திற' என்று பொருள். எந்த மனைவிக்கும் இப்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியம் மட்டும் புரிவதில்லை.

ஆகவே ஒரு நாள் காலையில் ஸ்டியரிங் நடுவில் கையை வைத்து அமுக்கி, சத்தமே வராவிட்டால் மனுஷன் பதறிப்போகிறான். திடீரென்று வாய் போனவன் மாதிரி ஆகிவிடுகிறான். மறுபடி அமுக்குகிறான். அப்புறம் குத்துகிறான். குத்துவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் இந்தச் சத்தத்தை நம் தலையில் கட்டியவர் யார் என்று தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்று ஒருவர். 1890-களில் காது கேளாதவர்களுக்காக மின்சாரத்தில் இயங்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதே ஆசாமிதான் பிற்பாடு 'க்ளாக்ஸன்' என்ற காது கிழிக்கும் மோட்டார் ஹாரனையும் கண்டுபிடித்தார். 1908-ல் அது விற்பனைக்கு வந்தது. ஒரு கையில் வியாதி, மறு கையில் மருந்து. வியாபாரம் என்றால் இதுவல்லவா வியாபாரம்!

நம் ஊர்ச் சட்டத்திலும் ஹாரன் கட்டாயம். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி அதற்கென்றே இருக்கிறது. எனவே ஹாரன் ஊமையானால் சரிசெய்துதான் ஆகவேண்டும். விஷயம் எங்கே சிக்கல் ஆகிறதென்றால், ஹாரன் இருப்பது பானெட்டுக்குள். அதை அடிக்கும் பொத்தான் இருப்பது சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரத்தில். சுற்றுகிற பொருளுக்கு வயரை எப்படிக் கொண்டுபோவது? நேராக இழுத்துக் கட்டினால் நாலு திருப்பத்தில் கிணற்று ராட்டினக் கயிறு மாதிரி சுருண்டு அறுந்துவிடும்.

அம்பாசடர் காலத்து கார்களில் இதற்கு எளிமையான வழி வைத்திருந்தார்கள். ப்ளஸ் டூ பிசிக்ஸில் ஏ.சி. டைனமோ படம் போட்டு, 'நழுவு வளையங்கள்' என்று அம்புக்குறி குறித்து மார்க் வாங்கியிருப்பீர்களே, அதே சங்கதி. ஸ்டியரிங்கின் முதுகில் ஒரு பித்தளை வளையம். அதன்மேல் ஸ்பிரிங் வைத்த ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் எப்படிச் சுற்றினாலும் தொடர்பு விடாது. பொத்தானை அமுக்கினால் அந்த வழியாக எர்த் கிடைக்கும், ரிலே இழுக்கும், ஹாரன் அலறும். வளையம் தேய்ந்தாலோ கறுத்தாலோ எமரி பேப்பரால் நாலு தேய்ப்பு. வண்டிக்காரரே ஞாயிற்றுக்கிழமை லுங்கியைக் கட்டிக்கொண்டு செய்துகொள்வார். அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. அதோடு அந்த ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

இப்போதைய கார்களில் வளையம் உதவாது. காரணம், ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் டிரைவர் பக்கம் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கு, புது மாடல்களில் 2021 ஏப்ரல் முதலும் பழைய மாடல்களில் அந்த வருடக் கடைசியிலிருந்தும் கட்டாயம். மோதல் என்று சென்ஸார் சொன்னதும் ஒரு சின்ன மின்சாரம் பாய்ந்து, ரசாயனம் வெடித்து, பை காற்றால் நிரம்ப ஆகும் நேரம் சுமார் 30 மில்லிசெகண்ட். கண் சிமிட்ட 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அதாவது நீங்கள் 'ஐயோ' என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து உரசும் முனைக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு தூசி இருந்தால்? ஹாரன் என்றால் இன்னொரு தடவை அமுக்கலாம். இதற்கு இன்னொரு தடவை கிடையாது.

அதனால் அறுபடாத ஒரே நாடாவாகவே வைத்தார்கள். சாவி கொடுக்கும் பழைய டைம்பீஸுக்குள் ஒரு சுருள் இருக்குமே, அந்த மாதிரி. பேரும் அதுதான், கிளாக் ஸ்பிரிங். சிலர் ஸ்பைரல் கேபிள் என்பார்கள். தட்டையான நாடா, வட்டமான பிளாஸ்டிக் டப்பிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறு பக்கம் திருப்பினால் தளரும். ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மூன்று, மூன்றரைச் சுற்று போகும். நாடா அதற்கு மேல் ஒன்றிரண்டு சுற்றுக்குத் தாங்கும், அவ்வளவுதான். ஹாரன், பாட்டு பொத்தான்கள், ஏர்பேக் எல்லாவற்றின் கம்பிகளும் அந்த ஒரே நாடாவில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒரு பெர்த்தில் மூன்று பேர் படுத்த மாதிரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

ஏர்பேக்கை யோசித்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. பென்சில்வேனியாவில் ஜான் ஹெட்ரிக் என்பவர், 1952-ல் மனைவியையும் ஏழு வயது மகளையும் காரில் அழைத்துக்கொண்டு போனார். வழியில் எதுவோ குறுக்கே தெரிய, திருப்பியதில் கார் பள்ளத்தில் இறங்கியது. அவரும் மனைவியும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, குழந்தை முன்னால் போய் முட்டாமல் பிடித்தார்கள். நம் வீட்டில் பஸ் சடன் பிரேக் போட்டால் அம்மா கை தன்னால் குறுக்கே வருமே, அதே கை. யாருக்கும் அடியில்லை. கைக்குப் பதில் வேறு ஏதாவது வைக்க முடியாதா என்று வீட்டுக்கு வந்து படம் போட ஆரம்பித்தார். 1953 ஆகஸ்டில் பேடண்ட் கிடைத்தது. கார் கம்பெனிகள் ஏர்பேக்கை விற்க ஆரம்பிப்பதற்குள் அந்த பேடண்ட் காலாவதியாகிவிட்டது. பைசா வரவில்லை.

இனி நண்பர் கதை. எங்கள் அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். எட்டு வருஷம் ஓடிய கார் ஒன்றை வாங்கினார். தினமும் தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடில் லாரிகளுக்கு நடுவே போய் வருகிறவர். ஒரு நாள் அவர் காரில் ஏறினேன். கியருக்குப் பக்கத்தில், வீட்டு வாசலில் காலிங் பெல்லுக்கு வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு சுவிட்ச். சந்து முனையில் அவர் அதை அமுக்க, முன்னால் ஹாரன் அடித்தது. யாராவது வந்து கதவைத் திறப்பார்களோ என்று நான் பார்த்தேன்.

"இது என்ன சார்?"

"ஸ்டியரிங்ல ஹாரன் போயிடுச்சு. இருநூறு ரூபாய்ல தனி சுவிட்ச் போட்டுக் குடுத்துட்டான். பிரமாதமா அடிக்குது, பார்த்தீங்கல்ல?"

டாஷ்போர்டில், ஸ்பீடா மீட்டருக்கு ஓரமாக, ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"ஒரு சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருந்துச்சு. ராத்திரி கண்ணைக் குத்துது. ஒட்டிட்டேன்."

டேப்பை உரித்துப் பார்த்தேன். பெல்ட் போட்ட ஒரு மனிதர், முன்னால் பந்து மாதிரி ஒன்று. ஏர்பேக் விளக்கு. நாலு மாதமாக எரிகிறதாம்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் புதுப்பேட்டைப் பக்கம் போனோம். எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அங்கே இருக்கிறார். எல்லோருக்கும் பாய். அறுபதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துத்தான் பேசுவார்.

"பாய், ஹாரன் சரியாயிடுச்சு. இந்த லைட்டை மட்டும் அணைச்சுக் குடுங்க, போதும்" என்றார் நண்பர்.

பாய் காரைத் தொடவே இல்லை. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல் கேள்விதான் கேட்டார்.

"லைட்டு முந்தியா, ஹாரன் முந்தியா?"

"ரெண்டும் ஒரே வாரம்தான்."

"அதுக்கு முன்னாடி வண்டி எங்கயாச்சும் பெரிய வேலைக்குப் போச்சா?"

நண்பர் யோசித்தார். "ஸ்டியரிங்ல கடகடன்னு சத்தம் வந்துச்சு. ராக் மாத்தினோம்."

"அப்போ அங்கயே அறுந்துடுச்சு சார். ராக் கழட்டினா ஸ்டியரிங் கீழ பிடிமானம் இல்லாம நிக்கும். யாரோ சும்மா சுத்தி விட்டுருக்கான். உள்ள ரிப்பன் எவ்ளோதான் தாங்கும்? வேலைக்கு முன்னாடி ஸ்டியரிங்கை சீட் பெல்ட்டு போட்டுக் கட்டணும். அந்தப் பசங்களுக்கு எவன் சொல்றான்?"

ஐந்து நிமிஷத்தில், கார் பானெட்டைக் கூடத் திறக்காமல் வியாதி கண்டுபிடித்தாயிற்று. இருந்தாலும் நம்பிக்கைக்காக சோதனைகளையும் செய்து காட்டினார். இவை எல்லாம் உங்களாலும் முடியும்.

ஹாரன் ஊமையானால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். அது சரி என்றால் சாவியைப் போட்டு, தெருவில் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒருவர் பொத்தானை அமுக்க, இன்னொருவர் ரிலே பெட்டியில் காதை வைக்க வேண்டும். 'டிக்' என்று கேட்டால் பொத்தானும் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் நாடாவும் சௌக்கியம். கோளாறு ரிலேயின் முனையிலோ, ஹாரனிலோ, ஹாரனின் எர்த்திலோ. ஹாரனுக்கு பேட்டரியிலிருந்து நேரே இரண்டு வயர் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 'டிக்' இல்லை என்றால், பக்கத்தில் அதே நம்பர் போட்ட வேறு ரிலே இருக்கும், மாற்றிச் செருகிப் பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் சந்தேகம் ஸ்டியரிங் மேல். சில புதுக் கார்களில் நடுவில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும், அங்கே இந்த டிக் வைத்தியம் முழுசாகப் பலிக்காது.

அடுத்தது திருப்பிப் பார்ப்பது. பொத்தானை அமுக்கியபடியே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் அடித்து, இன்னொரு இடத்தில் நின்றால் நாடா பாதி அறுந்திருக்கிறது. நண்பர் காரில் எங்கேயும் அடிக்கவில்லை. முழுசாகவே போயிருக்கிறது.

தலைகீழ் வியாதியும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு, பூட்டிய கார், தானாக அலறும். மொத்த ஃபிளாட்டும் பால்கனிக்கு வரும். அப்போது செய்ய வேண்டியது ஹாரன் ரிலேயைப் பிடுங்குவது. காலையில் நல்ல ரிலே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் பழைய ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வந்தால் பொத்தான் பக்கத்தில் ஷார்ட்.

இதுவரை வீட்டில் செய்யலாம். இதற்கு மேல் ஸ்டியரிங்கைத் திறப்பது என்றால், தெரிந்தவர் கையில் விடுங்கள். மஞ்சள் கலர் கனெக்டர் எங்கே கண்டாலும் மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்ப்போ கிட்டே போகக்கூடாது. ஏர்பேக்கைப் பற்றவைக்கும் குச்சிக்குள் இருப்பது இரண்டு ஓம் அளவு மெல்லிய கம்பி. நீங்கள் சோதிக்க அனுப்பும் கரண்ட்டையே அது உத்தரவாக எடுத்துக்கொண்டுவிட்டால், பை உங்கள் முகத்தில்தான் விரியும். ஸ்டியரிங்கைக் குத்தாதீர்கள் என்றேனே, குத்தியதால் வெடிக்காது. ஆனால் பொத்தானும் மூடியும் உடைந்தால் திறக்கும் வேலை வரும், திறந்தால் இந்த மஞ்சள் கனெக்டர் வரும். வெடிமருந்துக்கு மரியாதை கொடுப்பதில் தப்பில்லை.

பாய் வேலை செய்ததைப் பார்க்க அழகாக இருந்தது. சக்கரங்களை நேராக நிறுத்தினார். சாவியை எடுத்தார். பேட்டரியில் நெகட்டிவைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு டீ சொன்னார்.

"வேலை?" என்றார் நண்பர்.

"இதுதான் சார் வேலை. பேட்டரி போனாலும் உள்ள பெட்டியில கொஞ்சம் கரண்ட்டு பிடிச்சு வச்சிருக்கும். ஆக்சிடெண்ட்ல பேட்டரி நசுங்கிட்டாலும் பை விரியணும்ல? அது வடியட்டும்."

கம்பெனிகள் ஒரு நிமிஷம் முதல் பல நிமிஷம் வரை சொல்கின்றன. பாய் கணக்கில் ஒரு டீ, ஒரு சமோசா.

அப்புறம் கார் பாடியைத் தொட்டுவிட்டு, ஸ்டியரிங் முதுகிலிருந்த போல்ட்டுகளை எடுத்து ஏர்பேக்கை வெளியே எடுத்தார். மூடி உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி தூக்கிப் போய், மூடி மேலே பார்க்க, ஆளில்லாத இடத்தில் தனியாக வைத்தார். கவிழ்த்து வைத்தால், தப்பித் தவறி விரியும்போது அதுவே ராக்கெட் ஆகிவிடும். சென்டர் நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு மரை விட்டுவைத்துத்தான் சக்கரத்தை இழுத்தார். முழுக்கக் கழற்றிவிட்டு இழுத்தவர்களின் முன்பல்லைப் பார்த்தால் காரணம் தெரியும் என்றார்.

பழைய டப்பியைப் பிரித்துக் காட்டினார். நாடா ஒரு இடத்தில் வெற்றிலை மாதிரி மடிந்து, அப்படியே அறுந்திருந்தது. நண்பர் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹாரன் கம்பி எது பாய்?"

"இது."

"ஏர்பேக் கம்பி?"

"அதே ரிப்பன்தான் சார். பக்கத்துக் கோடு."

"அப்போ இந்த நாலு மாசமா..."

பாய் பதில் சொல்லவில்லை. புது டப்பியை எடுத்தார். அதில் நாடா சரியாக நடுவில் நிற்கும்படி ஒரு பிளாஸ்டிக் ஊசி குத்தி வந்திருக்கிறது. பொருத்தி முடித்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். ஊசி இல்லாததாக இருந்தால், மெதுவாக ஒரு பக்கம் இறுகும்வரை சுற்றி, மறு கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்து நிறுத்த வேண்டும். நடு தப்பினால், கார் நன்றாகவே இருக்கும். பார்க்கிங்கில் முதல் தடவை முழுசாக ஒடிக்கும்போது 'டப்'. காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டப்பி வாங்காதீர்கள் என்பதும் இதனால்தான். அதன் நடு எங்கே போயிற்று, எத்தனை பேர் விளையாட்டுக்குச் சுற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எல்லாம் மாட்டி, பேட்டரியைக் கொடுத்து, யாரும் ஸ்டியரிங்குக்கு நேரே இல்லாமல் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்தாறு விநாடி. அணைந்தது. சில கார்களில் ஸ்கேனர் வைத்து பழைய குறிப்பை அழித்தால்தான் அணையும், இதில் தேவைப்படவில்லை.

இந்த ஐந்தாறு விநாடியை, பழைய கார் வாங்கப் போகிற எல்லோரும் கவனிக்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். அது அணைவதும் வேறொரு விளக்கு அணைவதும் அச்சு அசலாக ஒரே நொடி என்றால், இரண்டையும் ஒரே வயரில் முடிந்திருக்கலாம். இன்னும் கெட்டிக்காரர்கள் ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் அதே இரண்டு ஓமுக்கு ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடுவார்கள். கம்ப்யூட்டர் பை இருப்பதாக நம்பி விளக்கை அணைத்துவிடும். ஸ்டியரிங் மூடியைத் திறந்தால் உள்ளே காற்றுதான். ஒர்க்‌ஷாப்பில் கோளாறு கண்டுபிடிக்க வைத்திருக்கும் சாமானை மோசடிக்குப் பயன்படுத்துகிறார்கள். ஏர்பேக் விரிந்த காரை மலிவாக ரிப்பேர் செய்து விற்பவர்கள் செய்கிற வேலை இது. சந்தேகம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

காலிங் பெல் சுவிட்சைக் கழற்றும்போதுதான் பாய்க்கு நிஜமாகவே கோபம் வந்தது. பேட்டரியிலிருந்து நேரே, ஃப்யூஸ் இல்லாமல், ரிலே இல்லாமல், ரேடியோவுக்குப் போடும் மெல்லிசு வயர். அது எஞ்சின் ஓரம் உரசி, மேல்தோல் உரிய ஆரம்பித்திருந்தது.

"இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா ஹாரன் தேவைப்பட்டிருக்காது சார். புகையப் பார்த்தே எல்லாரும் ஒதுங்கியிருப்பாங்க."

கிளம்பும் நேரத்தில் நண்பர் தயங்கித் தயங்கி இன்னொரு புகாரும் சொன்னார். ஸ்டியரிங்கில் சத்தத்தைக் கூட்டினால் சில சமயம் ஸ்டேஷன் மாறிவிடுகிறதாம். இளையராஜா கேட்டுக்கொண்டிருக்கும்போது சவுண்டு வைத்தால் விளம்பரம் வருகிறதாம்.

இதற்கும் காரணம் உண்டு. பல கார்களில் அத்தனை பொத்தானுக்கும் ஒரே வயர்தான். ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒவ்வொரு அளவு ரெசிஸ்டர். வோல்டேஜ் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அமுக்கியது எந்தப் பொத்தான் என்று ரேடியோ ஊகிக்கிறது. பொத்தானுக்கடியில் அழுக்கோ ஈரமோ சேர்ந்தால் அதுவும் ஒரு ரெசிஸ்டர். கணக்கு தப்பி, பக்கத்துப் பொத்தான் பேரில் பில் விழுகிறது.

பாய் பொத்தான் தகட்டை மட்டும் தனியாக எடுத்து, ஸ்பிரே அடித்து, பஞ்சால் துடைத்தார். பஞ்சு பழுப்பாகப் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தார்.

"ரோஸ் மில்க்" என்றார்.

நண்பர் மகள் பேரைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தார். துடைத்ததற்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டதற்கு, அதற்கெல்லாம் வேண்டாம், சமோசாவுக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார் பாய்.